மர மில் ஜெனரேட்டருக்கு டீசல் கணக்கு: மணிக்கு 14 லிட்டர் என்று போட்டது சரியா?

அறுவைக்காரன், செங்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை பக்கம் பிரானூரில் எங்கள் மர மில். அப்பா காலத்திலிருந்து கூலி அறுப்புதான். மரம் கொண்டுவருகிறவர்களுக்குக் கன அடிக் கணக்கில் அறுத்துக் கொடுக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரிலிருந்து அயினி, பலா, மகாகனி, ரப்பர் வரும். தென்காசி பக்கத்து ஆட்கள் வேம்பும் தேக்கும் கொண்டுவருவார்கள். பெரிய வாளுக்கு 30 ஹெச்.பி. மோட்டார், சைஸ் எடுக்கிற சின்ன வாளுக்கு 15 ஹெச்.பி. அதோடு வாள் தீட்டுகிற மெஷினும் விளக்குகளும் உண்டு. அவ்வளவுதான் மில்லின் மொத்த லோடு.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். சாரல் காலத்தில் காற்றுக்குக் கிளை ஒடிந்து லைனில் விழுந்தால் அது தனி. ஆளும் மரமும் வந்து காத்துக்கிடக்கும்போது மில்லை மூடிவைக்க முடியவில்லை என்று 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். விற்றவர் "மணிக்கு 14 லிட்டர் குடிக்கும்" என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டு, ஜெனரேட்டரில் அறுத்த நேரத்துக்கு மணிக்கு 14 லிட்டர் டீசல் காசைக் கூலியோடு சேர்த்து வாங்கினேன்.

புனலூரிலிருந்து வருகிற ஆசாரி ஒருவர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அன்றைக்கு மூன்று மணி நேரம் அவர் மரம் ஜெனரேட்டரில் ஓடியது. 42 லிட்டர் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: "தம்பி, பாதி நேரம் தடியைப் புரட்டிக்கொண்டும், அறுக்கிற இடத்துக்கு நூல் போட்டுக் கோடு குறித்துக்கொண்டும் நின்றோமே. வாள் சும்மாதானே சுற்றியது. அதற்கும் 14 லிட்டரா?" சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மாதம் முடிந்ததும் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஓடியது மொத்தம் 14 மணி நேரம். நாலு பேரிடம் 196 லிட்டருக்குக் காசு வாங்கியிருக்கிறேன். பங்க்கில் நான் வாங்கிய டீசல் 100 லிட்டர்தான். அதிலும் டேங்கில் கால்வாசி இன்னும் கிடக்கிறது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் அடுத்தவர் காசு என் பெட்டியில் இருக்கிறது.

லோடு கூடிக் குறையும்போது எவ்வளவு டீசல் போகிறது என்று எப்படிக் கணக்கிடுவது? வாள் சும்மா சுற்றும்போது ஒரு அளவு, அயினி அறுக்கும்போது ஒரு அளவு என்று பிரிக்க முடியுமா? எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாளும் சும்மா சுற்றும்போதே 18 ஆம்பியர், அது 10 கிலோவாட்டுக்கு மேல் என்கிறார். அதுவும் சரியா என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகரித்தறி:

அண்ணே, நாங்கள் ஆந்திரா பார்டரில், நகரியில் பவர்லூம் ஓட்டுகிறோம். எங்கள் கணக்கு ரொம்ப எளிது. லிட்டருக்கு 3 யூனிட். ஜெனரேட்டர் பேனலில் யூனிட் மீட்டர் இருக்கும், எத்தனை யூனிட் ஓடியதோ அதை 3-ஆல் வகுத்தால் லிட்டர். எத்தனையோ வெயில் காலம் இப்படித்தான் போகிறது, பங்க் பில்லோடு பெரிய வித்தியாசம் வந்ததில்லை. நீங்களும் அப்படியே போடுங்கள்.

அறுவைக்காரன், செங்கோட்டை:

நன்றி தம்பி. யூனிட் மீட்டர் இருக்கிறது, இதுவரை அதை நான் பார்த்ததே இல்லை. ஒரு சந்தேகம். வாள் சும்மா ஓடும்போது யூனிட் கொஞ்சம்தானே ஏறும்? அப்போதும் லிட்டருக்கு 3 யூனிட் வருமா?

கம்பம் மேஸ்திரி:

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. அப்போது 3 யூனிட் வராது. நகரித் தம்பி சொன்னது அவர் தறிக்குச் சரி. தறி காலையில் ஓடத் தொடங்கினால் சாயங்காலம் வரை ஒரே சீராக ஓடும், லோடு அப்படியே நிற்கும். மர மில் அப்படி இல்லையே.

நான் 30 வருஷத்துக்கு மேல் ஜெனரேட்டர் மெக்கானிக். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறிக் குமுளி, வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு என்று ஏலக்காய் ஸ்டோர், டீ ஃபேக்டரி எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு காலம் போனது. இப்போது வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உழவு மாடு கட்டுத்தறியில் சும்மா கிடந்தாலும் வைக்கோல் தின்னும். ஏர் பூட்டி உழுதால் அந்த வைக்கோலுக்கு மேல் பருத்திக்கொட்டையும் வைக்க வேண்டும், எவ்வளவு உழுகிறதோ அதற்குத் தக்கபடி. ஜெனரேட்டருக்கும் இரண்டு தீனி உண்டு. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது மாறாமல் இருக்க எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றியே ஆக வேண்டும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், ஆல்டர்னேட்டர் சுற்றுவது எல்லாவற்றுக்கும் ஒரு டீசல் போகும். அதுதான் வைக்கோல். அதை மணிக் கணக்கில் அளக்க வேண்டும். அதற்கு மேல் நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் (ஒரு கிலோவாட் லோடு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) இவ்வளவு என்று ஒரு டீசல். அதை யூனிட் கணக்கில் அளக்க வேண்டும்.

ஆகவே கணக்கு இதுதான்: ஓடிய மணியை மணித் தீனியால் பெருக்குங்கள், எடுத்த யூனிட்டை யூனிட் தீனியால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். லோடு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிமிஷமும் லோடு என்ன என்று நீங்கள் குறித்துக்கொண்டு உட்கார வேண்டாம். லோடு கூடக்கூட டீசலும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் கூடும், அதனால் ஏற்ற இறக்கத்தையெல்லாம் யூனிட் மீட்டரே கூட்டி வைத்துக்கொள்ளும். முழு லோடுக்கு மேல் போட்டு எஞ்சினைத் திணற அடித்தால் மட்டும் அந்தக் கோடு மேலே வளையும். பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்கிற நேரத்தில் ஒரு கறுப்புப் புகை வருமே, அதிலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். நாளுக்குப் பத்து ஸ்டார்ட் என்றால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

14 லிட்டர் என்று விற்றவர் சொன்னது பொய் இல்லை. 62.5 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (இழுக்கிற கரண்டில் நிஜ வேலைக்குப் போகிற பங்கு) 50 கிலோவாட். ஆல்டர்னேட்டரில் நூற்றுக்குப் பத்து போகும் என்று வைத்தால் எஞ்சின் 55.5 கிலோவாட் கொடுக்க வேண்டும், அது 74 ஹெச்.பி.க்குக் கொஞ்சம் மேல். இந்த மாதிரி எஞ்சின் ஹெச்.பி.க்கு மணிக்கு 160 கிராம் குடிக்கும் என்று வைத்தால் 12 கிலோ கிட்ட வருகிறது. டீசல் லிட்டருக்கு 830 கிராம் போல இருக்கும். வகுத்துப் பாருங்கள், 14 லிட்டருக்கு மேல்தான் வரும். ஆனால் அது முழு 50 கிலோவாட்டும் இழுக்கும்போது. உங்கள் இரண்டு மோட்டாரும் சேர்ந்தே 45 ஹெச்.பி., 33 கிலோவாட். அதுவும் இரண்டு வாளும் ஒரே நேரத்தில் கனமான மரத்தில் இறங்கினால்தான். உங்கள் மில்லில் அந்த 14-ஐப் பார்க்கவே முடியாது.

டாங் டெஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் 18 ஆம்பியரை 415 வோல்ட்டாலும் 1.732-ஆலும் பெருக்கி, அதை மறுபடி 0.8-ஆல் பெருக்கியிருப்பார். 10.3 கிலோவாட் வரும். தப்பு கடைசிப் பெருக்கலில்தான். மோட்டார் சும்மா சுற்றும்போது பவர் ஃபேக்டர் 0.8 இருக்காது, 0.3, 0.4 என்று கீழே போய்விடும். ஆம்பியர் ஓடும், வேலை நடக்காது. அதனால் நிஜ லோடு 4, 5 கிலோவாட்தான் இருக்கும். கூலிக் கணக்குக்கு ஆம்பியரை நம்பாதீர்கள், யூனிட் மீட்டரைப் பாருங்கள். டாங் டெஸ்டர் மூன்று ஃபேஸும் சமமாக இழுக்கிறதா என்று பார்ப்பதற்கு நல்லது.

இனி உங்கள் மெஷினுக்கு உரிய இரண்டு எண்ணையும் நீங்களேதான் எடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது வேறு. நோசில், பம்ப் எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது, பேப்பரில் உள்ளதை நம்ப வேண்டாம். டேங்கில் குச்சி விட்டும் அளக்காதீர்கள். அடியில் இருக்கும் டேங்க் அகலமானது. ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டர் உயரத்திலேயே 600 மில்லி போய்விடும். குச்சியில் ஒரு மில்லிமீட்டரை யார் பார்ப்பது?

எடை போடுங்கள். மர மில்லில் விறகு நிறுக்கிற பிளாட்ஃபாரம் தராசு இருக்குமே, அது போதும். 20 லிட்டர் கேனில் டீசல் நிரப்பித் தராசில் வையுங்கள். எஞ்சினுக்குப் போகிற குழாயையும் எஞ்சினிலிருந்து திரும்பி வருகிற ரிட்டர்ன் குழாயையும் இரண்டையும் அதே கேனில் விடுங்கள். ரிட்டர்னை மறந்து பழைய டேங்கிலேயே விட்டால் குடிக்காத டீசலும் குடித்ததாகக் கணக்கில் ஏறும். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். குழாய் தராசை அழுத்தவோ தூக்கவோ கூடாது, மேலே ஒரு கம்பியில் தொங்க விட்டுக்கொள்ளுங்கள். கேனில் டீசல் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். காற்று பிடித்தால் பிறகு எஞ்சினை ஏர் எடுக்கிற வேலை வந்துவிடும். ரிட்டர்ன் டீசல் சூடாக வரும். உங்களிடம் மரத்தூள் வேறு குவிந்து கிடக்கும். சைலன்ஸர் பக்கம் கேனை வைக்க வேண்டாம். சுற்றியுள்ள தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு மூன்று ஓட்டம் போதும். பிரேக்கரை இறக்கிவிட்டு லோடே இல்லாமல் அரை மணி. லேசான வேலையில் ஒரு மணி. கனமான வேலையில் ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் எடையையும் யூனிட்டையும் எழுதுங்கள். எழுதியதை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

கொழிஞ்சாம்பாறை மண்டபம்:

மேஸ்திரி ஐயா சொன்னதை நான் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர் நான். 125 கேவிஏ ஜெனரேட்டர். முகூர்த்த நேரத்தில் ஏசி எல்லாம் ஓடும், சாப்பாட்டு ஹாலில் ஃபேன், கிரைண்டர், போர் மோட்டார் என்று நல்ல லோடு இருக்கும். அப்போது டீசல் போவது கண்ணுக்குத் தெரியும், அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சிக்கல் முந்தின நாள் ராத்திரியில்தான். ரிசப்ஷன் முடிந்து பதினொரு மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு கரண்ட் போனால், பெண் வீட்டார் அறை, மாப்பிள்ளை வீட்டார் அறை, பால் வைத்திருக்கிற ஃபிரிட்ஜ், வாசல் விளக்கு, எல்லாம் சேர்த்து 5 கிலோவாட் இருக்கும். அதற்காக அந்தப் பெரிய எஞ்சின் விடிய விடிய ஓடும். ஒரு தடவை ராத்திரி 11 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஓடியதில் 36 லிட்டர் போனது. யூனிட் பார்த்தால் 35. லிட்டருக்கு ஒரு யூனிட் கூட முழுசாக வரவில்லை. பெண்ணின் அப்பாவிடம் அந்தக் கணக்கைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பாவம், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் முதலாளியிடம் சொல்லி ராத்திரிக்கென்று 15 கேவிஏ சின்ன செட் ஒன்று தனியாகப் போட்டோம். அதே 5 கிலோவாட்டுக்கு அது மணிக்கு 2 லிட்டர் சொச்சம்தான் குடிக்கிறது. ஏழு மணி நேரத்துக்கு 15 லிட்டர். பெரியதில் போன 36 எங்கே, இது எங்கே. கேரளப் பக்கம் டீசல் விலையும் உங்கள் பக்கத்தைவிடக் கூட. 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்று கூடுதல் வரி வேறு போட்டார்கள். எங்களுக்கு ஒவ்வொரு லிட்டரும் கணக்குத்தான்.

மேஸ்திரி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரிய செட்டின் சைலன்ஸர் ஜாயின்ட்டில் கறுப்பாக எண்ணெய் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஆயில் ஏறுகிறது, சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்லிப் பெரிய தொகை கேட்டார். சின்ன செட் போட்ட பிறகு அந்த வழிசல் தானாகவே குறைந்துவிட்டது. இது எப்படி?

கம்பம் மேஸ்திரி:

மண்டபத்துத் தம்பி, நல்ல வேளை போர் செய்யவில்லை. அது லோடு இல்லாமல் ஓட்டுவதால் வருகிறது. 100 கிலோவாட் எஞ்சினை 5 கிலோவாட்டில் ஓட்டினால் சிலிண்டருக்குள் சூடே ஏறாது. டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்ஸரில் படிந்து, ஜாயின்ட் வழியாகக் கறுப்பாகக் கசியும். நோசில் முனையில் கரி கட்டும், ரிங் ஒட்டும். முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று எஞ்சின் கம்பெனிகளே சொல்வது இதற்காகத்தான். எப்போதாவது ஓட்ட நேர்ந்தால், பிறகு ஒரு மணி நேரம் நல்ல லோடு கொடுத்து ஓட்டுங்கள், படிந்தது எரிந்து போகும்.

டீ ஃபேக்டரியில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ரோலர், டிரையர் எல்லாம் நின்றுபோய், கொழுந்து வாட்டுகிற ஃபேன் மட்டும் சுற்றுகிற ராத்திரிகளில் பெரிய எஞ்சினையே விட்டுவைப்பார்கள். காலையில் போனால் சைலன்ஸர் அடியில் தார் ஊற்றிய மாதிரி இருக்கும்.

ஒரு லிட்டர் டீசலுக்குள் ஏறக்குறைய 10 யூனிட்டுக்கான சூடு இருக்கிறது. நல்ல லோடில் எஞ்சின் அதில் மூன்றரை யூனிட்டைக் கரண்டாகக் கொடுக்கும். மிச்சம் புகையிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போய்விடும். உங்கள் பெரிய செட் அந்த ராத்திரி ஒரு யூனிட்டைக் கொடுத்துவிட்டு ஒன்பதைக் காற்றில் விட்டிருக்கிறது.

அறுவைக்காரன், செங்கோட்டை:

மேஸ்திரி அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

விறகுத் தராசைக் கழுவித் துடைத்து ஜெனரேட்டர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு 20 லிட்டர் வெள்ளைக் கேன் வாங்கி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு குழாயையும் விட்டு, மேலே சட்டத்தில் ஆணி அடித்துக் கம்பியில் தொங்கவிட்டேன். ரிட்டர்ன் குழாயில் டீசல் வருவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கை விரல் தடிமனில் இல்லை, பேனா ரீஃபில் தடிமனில், ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அரை மணியில் கேனைத் தொட்டால் இளஞ்சூடு. ரிட்டர்னைச் சேர்க்காமல் விட்டிருந்தால் என் கணக்கு முழுக்கத் தப்பாகப் போயிருக்கும்.

முதல் ஓட்டம், பிரேக்கர் இறக்கிவிட்டு அரை மணி. தராசில் குறைந்தது 870 கிராம். லிட்டருக்கு 830 கிராம் என்று வைத்தால் 1.05 லிட்டர், அதாவது மணிக்கு 2.1 லிட்டர். ஒரு வாளும் சுற்றவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை, அதற்கே 2.1.

இரண்டாவது, சின்ன வாளில் ரப்பர் மரம் ஒரு மணி நேரம். பெரிய வாள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. யூனிட் 9.2. எடை குறைந்தது 3 கிலோ 580 கிராம். 4.31 லிட்டர்.

மூன்றாவது, இரண்டு வாளிலும் வேலை. பெரிய வாளில் அயினித் தடி, நல்ல முற்றிய மரம். ட்ராலி உள்ளே போகும்போது எஞ்சின் சத்தம் கனத்து, வாள் மரத்தை விட்டு வெளியே வந்ததும் லேசாவது தெளிவாகக் கேட்டது. ஒரு மணியில் 21.5 யூனிட், 6 கிலோ 100 கிராம். 7.35 லிட்டர்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 7.35-இல் 2.1-ஐக் கழித்தால் 5.25. அதை 21.5-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 0.244 லிட்டர். இது சரியா என்று இரண்டாவது ஓட்டத்தில் வைத்துப் பார்த்தேன். 9.2 யூனிட்டை 0.244-ஆல் பெருக்கி 2.1-ஐக் கூட்டினால் 4.34. தராசு சொன்னது 4.31. என் மனைவிதான் கால்குலேட்டரில் போட்டாள், இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு கிட்ட வரும் என்று நான் நினைக்கவில்லை.

சும்மா சுற்றுகிற லோடையும் தனியாகப் பார்த்தேன். டாங் டெஸ்டரில் அதே 18 ஆம்பியர், யூனிட் மீட்டரில் அரை மணிக்கு 2.2 யூனிட். அதாவது 4.4 கிலோவாட். நீங்கள் சொன்ன இடத்திலேயே வந்து நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் டேங்கில் மிச்சம் இருந்ததைக் கேனில் பிடித்து அளந்தேன். 26 லிட்டர். ஜெனரேட்டர் வந்தபோது டேங்க் காலி. ஆக, அந்த மாதம் குடித்தது 74 லிட்டர். காசு வாங்கியது 196-க்கு.

இப்போது இந்த 74-ஐ 14 மணியால் வகுத்து, மணிக்கு 5.3 லிட்டர் என்று எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டால் போதுமா? என் தம்பி அப்படித்தான் சொல்கிறான், வேலை சுளுவாக இருக்கும் என்கிறான்.

நகரித்தறி:

அண்ணே, நான் சொன்ன லிட்டருக்கு 3 யூனிட் உங்கள் லேசான ஓட்டத்தில் இடிக்கிறது. 9.2 யூனிட்டுக்கு என் கணக்கில் 3 லிட்டர் சொச்சம்தான் வரும், உங்களுக்கு 4.3 போயிருக்கிறது. கனமான ஓட்டத்தில் 7.35-க்கு 21.5, அங்கே மூன்று கிட்ட வந்துவிட்டது. எங்கள் தறி எப்போதும் அந்தக் கனமான ஓட்டத்தில் இருப்பதால்தான் எனக்கு ஒத்துவந்திருக்கிறது. இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. பாதித் தறிக்குப் பாவு இல்லாமல் நிற்கிற மாதத்தில் டீசல் இடித்ததன் காரணமும் இதுதான். ஓட்டுகிற பையன் எடுத்து விற்கிறானோ என்று ஒரு தடவை சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டேன். அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கம்பம் மேஸ்திரி:

செங்கோட்டைத் தம்பி, மூன்று ஓட்டமும் சுத்தமாக எடுத்திருக்கிறீர்கள். 2.1-உம் 0.244-உம்தான் உங்கள் மெஷினின் எண்கள். முழு லோடு 50 கிலோவாட்டுக்குப் போட்டுப் பாருங்கள், 14.3 லிட்டர் வரும். விற்றவர் சொன்ன 14-உம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

5.3 சராசரி உங்கள் பெட்டிக்குச் சரியாக இருக்கும், வாடிக்கையாளருக்குச் சரியாக இருக்காது. ரப்பர் மரம் கொண்டுவந்தவர் 4.3 குடித்துவிட்டு 5.3-க்குக் கொடுப்பார், அயினிக்காரர் 7.35 குடித்துவிட்டு அதே 5.3-க்குக் கொடுப்பார். ஒருவர் காசில் இன்னொருவர் மரம் அறுபடும். ஒரு நோட்டுப் போடுங்கள். ஒருவர் மரம் ட்ராலியில் ஏறும்போது, ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரும் யூனிட் மீட்டரும் என்ன என்று எழுதுங்கள், இறங்கும்போது மறுபடி எழுதுங்கள். நாலு எண், அவ்வளவுதான். நூல் போட்டுக்கொண்டு நின்ற நேரத்துக்கும் வாள் சும்மா சுற்றிய யூனிட்டுக்கும் கணக்கு தானாக விழுந்துவிடும். எழுதும்போது அவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நீண்ட நேரம் நூல் போட வேண்டியிருந்தால் பெரிய வாளை நிறுத்திவிடுங்கள். அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைக்கிற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மோட்டாருக்கும் நல்லதில்லை. கால் மணிக்கு மேல் ஆகும் என்றால் நிறுத்தலாம்.

இன்னொன்று. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தீர்களா? மர மில் எஞ்சினுக்கு எமன் மரத்தூள்தான். காற்று போகாவிட்டால் அதே யூனிட்டுக்குக் கூடுதல் டீசல் போகும், புகையும் கறுக்கும். ஃபில்டர் மாற்றிய பிறகு ஒரு தடவை, நோசில் சர்வீஸ் செய்த பிறகு ஒரு தடவை, இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தத் தராசு வேலையைத் திரும்பச் செய்யுங்கள். 0.244 என்பது 0.26, 0.27 என்று ஏறினால் எஞ்சின் உங்களைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

அறுவைக்காரன், செங்கோட்டை:

சரி அண்ணாச்சி. நோட்டு போட்டாயிற்று, சுவிட்ச் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்குகிறது.

அந்த நாலு பேருக்கும் அன்றைக்கு யூனிட் எழுதவில்லை, அதனால் அறுத்த மரத்தையும் நேரத்தையும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். புனலூர் ஆசாரி கொண்டுவந்தது மகாகனி. அதே மாதிரி மரம் மூன்று மணி நேரம் நேற்று ஓடியபோது 38 யூனிட் ஆனது. மூன்று மணிக்கு 6.3, யூனிட்டுக்கு 9.3, மொத்தம் 15.6 லிட்டர். அவரிடம் வாங்கியது 42. மிச்சம் 26.4 லிட்டர், லிட்டர் 93 ரூபாய்க்கு 2,455. போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "நான் சும்மாதானே கேட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு வருகிறார். மற்ற மூவரில் இரண்டு பேருக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். ஒருவர் ஊரில் இல்லை, அவர் தொகையைக் கவரில் போட்டு அவர் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே இரண்டு கை நிறையத் தூள், மாவு மாதிரி, அயினியின் மஞ்சள் நிறம். புது ஃபில்டர் தென்காசியில் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வரும். மாட்டிவிட்டுத் திரும்பவும் எடை போட்டு எண்ணை இங்கே எழுதுகிறேன்.